உயிரியல் பூங்காக் கொறித்துண்ணிகளில் குடற்புழுக்களை இனம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பூங்காக்களிலிருந்து வரும் மாதிரிகளைப் பார்த்து, அதில் இருப்பது என்ன புழு என்று சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. கேபிபாரா, மாரா, முள்ளம்பன்றி போன்றவற்றின் மாதிரி வந்தால் கூடவே சில சந்தேகங்களும் தவறாமல் வந்துவிடும். காப்பாளர்களும் பூங்கா மருத்துவர்களும் கால்நடை மருத்துவ மாணவர்களும் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆடு, மாடு, நாயின் புழுக்களைப் பற்றிப் பாடநூல்கள் விரிவாகச் சொல்கின்றன. இந்த விலங்குகளுக்கு அப்படி ஒரே இடத்தில் எதுவும் கிடைப்பதில்லை.

கொறித்துண்ணி என்றால் எலி, அணில்தானே? எங்கள் பூங்காவில் உள்ள எவையெல்லாம் இதில் சேரும்?

எலியும் அணிலும் மட்டுமல்ல. வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் இணை முன்பற்கள் மேலும் கீழும் உள்ள எல்லாப் பாலூட்டிகளும் இந்த வரிசையில் சேரும். தென் அமெரிக்காவின் கேபிபாரா, மாரா, அகூட்டி, பாக்கா, சின்சில்லா, நியூட்ரியா. வட அமெரிக்காவின் பிரெய்ரி நாய். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் பீவர். நம் ஊர் முள்ளம்பன்றி, மலையணில் ஆகிய எல்லாமே கொறித்துண்ணிகள்தான். முள்ளெலி இதில் சேராது. அது பூச்சி தின்னும் வேறொரு வரிசையைச் சேர்ந்தது, அதன் புழுக்களும் வேறு. முயலும் சேராது.

புழுக்கையை உடைத்துப் பார்த்தேன், ஒரு புழுவும் இல்லை. அப்படியானால் குடலிலும் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. முதிர்ந்த புழுக்கள் பெரும்பாலும் குடலைவிட்டு வெளியே வருவதில்லை. வெளியே வருவது அவற்றின் முட்டைகள். சராசரி முட்டையின் நீளம் 50 முதல் 150 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நுண்ணோக்கி இல்லாமல் அவற்றை இனம் காண முடியாது.

கண்ணில் படுகிற புழு வேறு வகையில் குழப்பும். ஈ மொய்த்த பழைய புழுக்கையில் நெளிவது பெரும்பாலும் ஈயின் புழுவாக இருக்கும். அதன் உடலில் வளையம் வளையமாகப் பிரிவுகள் தெரியும், வாயில் இரண்டு கறுப்புக் கொக்கிகள் இருக்கும். குடல் உருளைப்புழுவின் உடலில் அப்படிப் பிரிவுகள் கிடையாது.

எப்படியும் ஒரே குடற்புழு நீக்க மருந்தைத்தான் கொடுக்கப் போகிறோம். புழுவின் பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. என்னை அதிகம் வருத்தப்படுத்துவதும் இதுதான். பல அறிக்கைகளில் ‘புழு முட்டைகள் காணப்பட்டன’ என்ற ஒரே வரியோடு வேலை முடிந்துவிடுகிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது.

பெயர் தெரிந்தால் முதலில் தெரிவது, புழு எங்கிருந்து வந்தது என்பது. விலங்கு தன் தாயகத்திலிருந்து கொண்டுவந்ததா, பூங்காவில் இரவில் திரியும் எலியிடமிருந்து வந்ததா, பக்கத்துக் கூண்டிலிருந்து வந்ததா, வெட்டிப்போட்ட புல்லோடு வந்ததா? நான்குக்கும் நான்கு வேறு தீர்வுகள். எலியிடமிருந்து வந்த புழுவுக்கு எத்தனை முறை மருந்து கொடுத்தாலும், தீவனத் தொட்டிக்கு எலி வரும் வழியை அடைக்காதவரை அது திரும்ப வரும்.

மருந்தும் தீங்கற்றது அல்ல. வட அமெரிக்க முள்ளம்பன்றிகளுக்குப் பென்பெண்டசோல் கொடுத்தபின் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு அவை இறந்ததாகவும், அந்த மருந்தின் நச்சுத்தன்மையே காரணம் என்று சந்தேகிக்கப்பட்டதாகவும் கால்நடை மருத்துவ இலக்கியத்தில் பதிவு இருக்கிறது. ஆட்டுக்கும் நாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற மருந்து அது. இருப்பது தீங்கு செய்யாத புழு என்று தெரிந்தால், அந்த ஆபத்தை விலங்கின் மேல் சுமத்தவே வேண்டியதில்லை.

மாதிரியை எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்?

காலையில், புதிதாகப் போட்ட புழுக்கையை, மண் படாத மேல்பகுதியிலிருந்து எடுங்கள். மண்ணில் தானாக வாழும் உருளைப்புழுக்கள் கிடந்த புழுக்கையில் சில மணி நேரத்திலேயே ஏறிவிடும். பிறகு எது ஒட்டுண்ணி, எது மண்ணில் வாழும் புழு என்று பிரிப்பது பெரும்பாடு. முட்டை தினமும் ஒரே அளவில் வெளிவருவதில்லை என்பதால் அடுத்தடுத்த மூன்று நாள் மாதிரி நல்லது.

குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். உறைந்தால் முட்டைகள் சிதைந்துவிடும். இரண்டு நாளுக்குமேல் தாமதமாகும் என்றால் ஒரு பாதியை 10 சதவீத ஃபார்மலினிலும், இன்னொரு பாதியை ஆல்கஹாலிலும் போட்டு அனுப்பலாம். குப்பியின் மேல் விலங்கின் பெயரோடு, கூண்டில் உடன் இருப்பவை, கடைசியாக மருந்து கொடுத்த நாள், விலங்கு எந்தப் பூங்காவிலிருந்து வந்தது ஆகியவற்றையும் எழுதுங்கள். முட்டையைப் பார்த்துக் குழம்பி நிற்கும்போது எனக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் அந்தச் சீட்டுதான்.

உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்தால் போதாதா?

பாதிதான் தெரியும். நிறைவுற்ற உப்புக் கரைசலின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறத்தாழ 1.20. பெரும்பாலான உருளைப்புழு முட்டைகளும் நாடாப்புழு முட்டைகளும் அதில் மேலே வரும். சாட்டைப்புழுவின் முட்டை சற்றுக் கனமானது என்பதால் 1.27 அளவுள்ள சர்க்கரைக் கரைசல் அதற்கு மேல்.

ஒரு முனையில் மூடி கொண்ட தட்டைப்புழுவின் பெரிய முட்டைகள் உப்பில் சரியாக மிதப்பதில்லை. அவற்றுக்கு வீழ்படிவு முறை வேண்டும்: நீரில் கரைத்து, வடிகட்டி, படியவிட்டு, மேல்நீரை ஊற்றிவிட்டு அடியில் தங்கியதைப் பார்ப்பது. கேபிபாரா, நியூட்ரியா, பீவர் மூன்றும் நீரோரம் வாழ்பவை. இவற்றுக்கு வீழ்படிவு முறையைச் செய்யாமல் ‘புழு இல்லை’ என்று எழுதக் கூடாது. பீவரின் குருட்டுக்குடலில் வாழும் ஸ்டிக்கார்க்கிஸ் சப்ட்ரைக்வீட்ரஸ் ஒரு தட்டைப்புழுதான். கேபிபாராவுக்குக் கல்லீரல் தட்டைப்புழு வருவதும் அதன் தாயகத்திலேயே தெரிந்த செய்தி. குளக்கரையில் அறுத்த புல்லைப் போடுகிற பூங்காக்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

நெளியும் இளம்புழுக்களைத் தேட மூன்றாவதாகப் பேர்மன் முறை இருக்கிறது. புழுக்கையை மெல்லிய துணியில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு தொங்கவிட்டால் அவை கீழே இறங்கிவிடும். இதற்குப் புதிய மாதிரி மட்டுமே உதவும்.

முட்டையைப் பார்த்தே என்ன புழு என்று சொல்லிவிடலாமா?

எந்தக் குடும்பம் என்று பெரும்பாலும் சொல்லலாம். எந்தப் பேரினம் என்று சில சமயம் சொல்லலாம். எந்தச் சிற்றினம் என்று அரிதாகத்தான் சொல்ல முடியும். இதை ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் வளைந்திருக்கும் நீள்முட்டை கீரிப்பூச்சி வகையைக் காட்டும். இரு முனையிலும் அடைப்பு வைத்த பீப்பாய் போன்ற பழுப்பு முட்டை சாட்டைப்புழுவினுடையது. ஏறக்குறைய அதே உருவம், ஆனால் அடைப்புகள் அவ்வளவு துருத்தாமல், ஓட்டில் வரியோ குழியோ தெரிந்தால் கேப்பில்லாரியா வகை. மெல்லிய ஓட்டுக்குள் பல செல்களாகப் பிரிந்த கரு இருந்தால் ஸ்ட்ராங்கில் என்ற உருளைப்புழு வகை. அதே மெல்லிய ஓட்டுக்குள் மடிந்துகிடக்கும் இளம்புழுவே தெரிந்தால் ஸ்ட்ராங்கிலாய்டிஸ். ஆனால் வெயிலில் ஒரு நாள் கிடந்த மாதிரியில் ஸ்ட்ராங்கில் முட்டைக்குள்ளும் இளம்புழு வளர்ந்துவிடும். புதிய மாதிரி வேண்டும் என்று மேலே வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே ஆறு கொக்கிகள் உள்ள உருண்டைக் கரு இருந்தால் நாடாப்புழு.

அளக்காமல் எதையும் எழுதாதீர்கள். வீட்டெலி, சுண்டெலிகளில் வரும் மூன்று கீரிப்பூச்சிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சிஃபாசியா ஒப்வெலேட்டாவின் முட்டை 118 முதல் 153 மைக்ரான் நீளம். சிஃபாசியா மியூரிஸின் முட்டை 72 முதல் 82. அஸ்பிகுலூரிஸ் டெட்ராப்டெராவின் முட்டை 70 முதல் 98, இருபக்கமும் ஒரே சீராக இருக்கும். கண்ணுக்கு மூன்றும் ‘நீளமான முட்டை’தான். அளவுகோல் பொருத்திய கண்வில்லைதான் பிரித்துக் காட்டும். குறைந்தது பத்து முட்டைகளை அளந்து, சிறியதையும் பெரியதையும் சேர்த்து எழுதுங்கள்.

எங்கள் மாராவின் புழுக்கையில் வெள்ளை நூல் போன்ற புழுக்கள் வருகின்றன. கேபிபாராவிலும் பார்த்தேன். இரண்டும் ஒரே புழுவா?

இரண்டும் கீரிப்பூச்சி வகைதான், ஆனால் ஒரே புழு அல்ல. மாராவுக்கு உரியது வெல்கோமியா டோலிகோட்டிஸ். கேபிபாராவின் குருட்டுக்குடலில் வாழ்வது புரோட்டோசூஃபாகா ஒபேசா; இது குடல் சுவரைக் கடிக்காமல், அங்கே பெருகியிருக்கும் ஒருசெல் உயிரிகளைத் தின்று வாழ்வதாகக் கருதப்படுகிறது. வெல்கோமியா பேரினத்தில் மலாய் முள்ளம்பன்றிக்கு ஒன்று, வட அமெரிக்க முள்ளம்பன்றிக்கு ஒன்று, தென் அமெரிக்கக் கொறித்துண்ணியான பகரானாவுக்கு ஒன்று என்று தனித்தனிச் சிற்றினங்கள் உண்டு.

கீரிப்பூச்சிகள் தங்கள் விலங்கைவிட்டு எளிதில் மாறுவதில்லை. ஆகவே மாராவில் வெல்கோமியா டோலிகோட்டிஸ் கிடைத்தால் அது அர்ஜென்டினாவிலிருந்து மாராவோடு சேர்ந்து வந்த பழைய பரம்பரை. உங்கள் மாரா இங்கே பிறந்ததாக இருக்கலாம், அதன் பாட்டியும் ஏதோ ஒரு பூங்காவில் பிறந்ததாக இருக்கலாம். தாயிடமிருந்து குட்டிக்குப் புழு மட்டும் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. அதன் வாழ்க்கைச் சுழற்சிக்கு நத்தையோ வண்டோ தேவையில்லை என்பதே காரணம். எண்ணிக்கை மிகுந்தாலொழிய இவை பெரிய தீங்கு செய்வதில்லை.

கீரிப்பூச்சிக்குச் செலோடேப்பை ஆசனவாயின் ஓரத்தில் ஒட்டியெடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்க்கும் முறை நல்லது. ஆனால் அங்கே வந்து முட்டையிடும் சிஃபாசியா போன்றவைதான் அதில் சிக்கும். அஸ்பிகுலூரிஸ் குடலுக்குள்ளேயே முட்டையிடுவதால் சிக்காது.

இங்கேயே பிறந்து வளர்ந்த விலங்கு, சிமெண்டுத் தரை, சுத்தமான தீவனம். அதற்கு நாடாப்புழு எப்படி வரும்?

கேபிபாராவுக்கும் வட அமெரிக்க முள்ளம்பன்றிக்கும் உரிய மோனோயிகோசெஸ்டஸ் நாடாப்புழுக்கள் பரவ மண்ணில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணி இடையில் வேண்டும். சிமெண்டுத் தரையில் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஆகவே அங்கே நாடாப்புழு முட்டை கிடைத்தால் நான் முதலில் சந்தேகிப்பது எலியை.

எலியின் நாடாப்புழுக்களில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஹைமினோலெபிஸ் டிமினூட்டாவின் முட்டை 60 முதல் 80 மைக்ரான், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். தானியத்தில் இருக்கும் வண்டை விலங்கு விழுங்கினால்தான் வரும், எனவே தீவன அறையைச் சோதியுங்கள். ரோடென்டோலெபிஸ் நானாவின் முட்டை 40 முதல் 50 மைக்ரான், நிறமற்றது. உள்ளுறையின் இரு முனையிலிருந்தும் மெல்லிய இழைகள் கிளம்பும். இதற்கு வண்டு கட்டாயமில்லை, முட்டையை நேரடியாக விழுங்கினாலே போதும். அந்த இழைகள் இருக்கின்றனவா இல்லையா என்று நுண்ணோக்கியின் திருகை மெல்லத் திருப்பிப் பாருங்கள். அடுத்து என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

முட்டை கிடைத்தது, ஆனால் அந்த விலங்குக்கு அப்படியொரு புழு இருப்பதாக எங்குமே பதிவில்லை. புதிய கண்டுபிடிப்பா?

அவசரப்படாதீர்கள். எலிப் புழுக்கை தீவனத்தில் விழுந்து, அதை விலங்கு தின்றிருந்தால் எலியின் புழு முட்டை அப்படியே உள்ளே போய் அப்படியே வெளியே வரும். விலங்குக்கு அந்தப் புழு கிடையாது. முட்டை வெறும் வழிப்போக்கன். மேலும் கேபிபாராவும் கினிப்பன்றியும் தங்கள் புழுக்கையைத் தாங்களே தின்பவை, ஆகவே ஒரே முட்டை இரண்டாம் முறையும் வரக்கூடும். இரண்டு மூன்று நாள் தூய தீவனம் கொடுத்து, கூண்டைக் கழுவி, மறுபடி பாருங்கள். வழிப்போக்கன் என்றால் மறைந்துவிடும்.

மகரந்தம், தாவர மயிர், தீவனத்தில் இருக்கும் சிற்றுண்ணியின் முட்டை ஆகியவையும் ஏமாற்றும். சிற்றுண்ணியின் முட்டை பெரிதாக, சில சமயம் உள்ளே கால்களோடு தெரியும்.

புழுக்கை மூன்று முறையும் சுத்தம். ஆனால் விலங்கு தலையைச் சாய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. புழுவாக இருக்க வாய்ப்பில்லையே?

உண்டு. இப்படிப்பட்ட நிலையில் முதலில் நினைக்க வேண்டிய பெயர் பேலிசஸ்காரிஸ் புரோசியோனிஸ். இது வட அமெரிக்க விலங்கான ரக்கூனின் உருளைப்புழு. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு லட்சத்துக்கும் மேல் முட்டையிடும், முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். கொறித்துண்ணி அதை விழுங்கினால் இளம்புழு குடலில் தங்காமல் உடல் முழுக்க அலைந்து மூளைக்கும் போகும். அங்கே அது முதிர்வதில்லை, முட்டையும் இடுவதில்லை. எனவே புழுக்கையில் எதுவும் தெரியாது. பிரெய்ரி நாய், முள்ளம்பன்றி, பீவர் எனப் பல விலங்குகள் இதனால் இறந்திருக்கின்றன. முன்பு ரக்கூன் இருந்த கூண்டைக் கழுவிவிட்டு இவற்றை வைப்பது பழைய தவறு. அந்த முட்டையைப் பிளீச்சிங் தூள் கொல்லாது; கொதிநீரும் தீச்சுடரும்தான் கொல்லும்.

இதை உறுதிசெய்வது இறந்தபின் மூளைத் திசுவை வெட்டிப் பார்க்கும்போதுதான். இளம்புழுவின் குறுக்குவெட்டு 60 முதல் 70 மைக்ரான் அகலம் இருக்கும், இரு பக்கமும் ஒற்றைச் சிறகு போன்ற நீட்சி தெரியும். கரடிக்கும் இதே பேரினத்தில் சொந்தமாக ஒரு புழு உண்டு. ஆகவே ரக்கூன் இல்லாத பூங்காவிலும், கரடி இருந்த கூண்டைக் கொறித்துண்ணிக்குத் தராதீர்கள்.

புழுக்கையில் தெரியாதவை இன்னும் இரண்டு. எலிகளிடமிருந்து வரும் கலோடியம் ஹெப்பாட்டிகம் கல்லீரலுக்குள்ளேயே முட்டையிட்டு விட்டுவிடும். விலங்கு இறந்து அழுகினாலோ, இன்னொன்று அதைத் தின்றாலோதான் முட்டை வெளியே வரும். கல்லீரலின் மேல் மஞ்சள் கலந்த வெண்கோடுகள் அதன் அடையாளம். எலியின் சிறுநீர்ப்பையில் வாழும் டிரைக்கோசோமாய்டிஸ் கிராசிகாடாவின் முட்டையைச் சிறுநீரில்தான் தேட வேண்டும்; அதில் ஆண் புழு பெண் புழுவின் கருப்பைக்குள்ளேயே குடியிருக்கும்.

கல்லீரலில் நீர்க்கொப்புளங்கள் இருந்தன. ‘கட்டி’ என்று எழுதிப் புதைத்துவிட்டோம். பரவாயில்லையா?

அடுத்த முறை அப்படிச் செய்யாதீர்கள். ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து வளர்த்த ஒரு பீவர் 2010இல் இறந்தபோது அதன் கல்லீரலில் இருந்தது எகினோகாக்கஸ் மல்டிலாக்குலாரிஸ். பிரிட்டனின் நரிகளில் இல்லாத நாடாப்புழு அது. அந்த உடலை ஒரு நரியோ நாயோ தின்றிருந்தால் புழு அங்கே காலூன்றியிருக்கக்கூடும். அதன்பின் பீவர்களை ஸ்கேன் மூலமும் வயிற்றறைக்குள் குழாய்க் கருவி செலுத்தியும் சோதிக்கத் தொடங்கினார்கள், ஏனென்றால் கொறித்துண்ணியின் புழுக்கையில் இந்தப் புழுவின் முட்டை வரவே வராது.

எகினோகாக்கஸ் வோகெலி என்ற இன்னொரு நாடாப்புழுவின் கதையும் இப்படித்தான் ஒரு பூங்காவைத் தொட்டுச் செல்கிறது. ஈக்வடாரிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் உயிரியல் பூங்காவுக்கு வந்த ஒரு புதர்நாயிடம் (தென் அமெரிக்கக் காட்டுநாய் வகை) கிடைத்த புழுவை வைத்து 1972இல் ராஷ், பெர்ன்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் அதைத் தனிச் சிற்றினமாக விவரித்தார்கள். அதன் கொப்புளங்கள் வளரும் இடம் பாக்காவின் கல்லீரல். கொப்புள நீரில் உள்ள இளம்தலைகளின் கொக்கிகளை அளந்து அதைப் பிற இனங்களிலிருந்து பிரிக்கலாம். கொப்புளத்தை முழுதாக ஆல்கஹாலில் போட்டு அனுப்புங்கள், உடலை எரித்துவிடுங்கள்.

உடற்கூறாய்வில் கிடைத்த புழுவை எப்படிப் பாதுகாப்பது?

முதலில் உப்புநீரில் அலசுங்கள். உருளைப்புழுவைச் சூடான 70 சதவீத ஆல்கஹாலில் போட்டால் சுருளாமல் நீண்டு இறக்கும். சுருண்ட புழுவில் எதையும் அளக்க முடியாது. நாடாப்புழுவைக் குளிர்ந்த நீரில் தளரவிட்டு, தலையோடு எடுக்க வேண்டும். தலை குடல் சுவரில் ஒட்டியிருந்தால் அந்தக் குடல் துண்டையும் சேர்த்தே வெட்டுங்கள். சில புழுக்களை 95 சதவீத ஆல்கஹாலில் டிஎன்ஏ சோதனைக்காகத் தனியே வையுங்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும்.

ஆண் புழு வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பெண் புழு பெரிதாக இருப்பதால் அதை மட்டும் பொறுக்கிவிடுகிறார்கள். வால் பகுதியின் முட்கள், சிறகுகள், காம்புகள் என்று சிற்றினத்தைச் சொல்லும் அடையாளங்கள் பல ஆணிடம்தான் இருக்கின்றன. லாக்டோஃபீனாலில் ஊறவைத்தால் உடல் தெளிந்து உள்ளுறுப்புகள் தெரியும்.

டிஎன்ஏ பரிசோதனை வந்துவிட்டதே, இனி நுண்ணோக்கி எதற்கு?

டிஎன்ஏ வரிசை தானாகப் பெயர் சொல்லாது. தரவுச் சேமிப்பில் ஏற்கெனவே பெயரோடு உள்ள வரிசையுடன் ஒப்பிட்டுத்தான் சொல்லும். கால்நடைகளின் புழுக்களுக்கு அத்தகைய வரிசைகள் ஏராளம். அகூட்டி, மாரா, பகரானாவின் புழுக்களுக்கு மிகக் குறைவு. அப்போது சோதனை, கிட்டத்தட்ட ஒத்துப்போகும் ஏதோ ஓர் ஆட்டுப்புழுவின் பெயரைக் காட்டும். அதை அப்படியே அறிக்கையில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். உருவத்தைப் பார்த்து இனம் கண்ட புழுவிலிருந்து எடுத்த வரிசையைச் சேமிப்பில் ஏற்றுவதே இன்று நம்மால் ஆகக்கூடிய பெரிய உதவி.

கூண்டைக் கழுவுபவர்களுக்கு இந்தப் புழுக்கள் தொற்றுமா?

சில தொற்றும். மேலே சொன்ன ரோடென்டோலெபிஸ் நானா மனிதக் குடலிலும் வாழும். நியூட்ரியாவின் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் மயோபோட்டமியின் இளம்புழு ஈரத்தில் நிற்பவரின் தோலைத் துளைத்து, கடுமையான அரிப்பை உண்டாக்கும். கையுறையும் முழங்கால்வரை ரப்பர் காலணியும் அவசியம். வெறுங்காலோடு கழுவச் சொல்வது தவறு. ரக்கூனின் புழு மனிதரின் மூளைக்கும் போகும். கீரிப்பூச்சிகளைப் பொறுத்தவரை மாராவுடையதோ கேபிபாராவுடையதோ உங்கள் குழந்தைக்கு வராது. குழந்தையிடம் இருப்பது மனிதரின் கீரிப்பூச்சி.

புதிதாக வந்த விலங்கை 30 நாள் தனிமையில் வைத்தோம், எல்லாச் சோதனையும் சுத்தம். கூட்டத்தில் சேர்த்த மறுவாரமே முட்டை வந்தது. கூட்டத்திலிருந்து தொற்றியதா, கூடவே கொண்டுவந்ததா?

புழு உடலுக்குள் போன நாளிலிருந்து முதல் முட்டை வெளிவரும் நாள்வரை உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். எலிகளில் சிஃபாசியா மியூரிஸுக்கு அது ஒரு வாரத்தை ஒட்டியது, அஸ்பிகுலூரிஸுக்கு மூன்று வாரத்துக்குச் சற்று மேல், சுண்டெலியின் சாட்டைப்புழுவுக்கு ஒரு மாதத்துக்கும் மேல். வந்தது சாட்டைப்புழு முட்டை என்றால் ஒரு வாரத்தில் அது முதிர்ந்திருக்க முடியாது. பயணத்துக்குச் சற்று முன்போ, தனிமைக் கூடத்திலேயோ தொற்றியிருக்கிறது. 30 நாள் அதைக் காட்டப் போதவில்லை. வந்தது சிஃபாசியா போன்ற கீரிப்பூச்சி என்றால் கூட்டத்திலிருந்தும் தொற்றியிருக்கலாம். அப்போது கூட்டத்தின் பழைய மாதிரிகளை எடுத்து, முட்டைகளின் அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வழிப்போக்க முட்டையா என்பதையும் முன்பு சொன்னபடி ஒருமுறை சரிபாருங்கள். தென் அமெரிக்க விலங்குகளுக்கும் முள்ளம்பன்றிக்கும் தனிமைக் காலத்தை 45 நாளாக வைத்து, கடைசி வாரத்தில் உப்பு, சர்க்கரை, வீழ்படிவு மூன்று முறைகளிலும் சோதிக்கும்படி நான் சொல்லி வருகிறேன்.